கூடைக்கு ஒரு வரி

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப் போனவை. ஒன்றையும் பசியோடு படுக்கப் போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கட்டுகிறவள் வீட்டைப் பார்க்க மாட்டாள் என்று என் மாமியார் கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்வதைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசினபடியே போட வேண்டும். செத்துப்போனவர்கள் வாயைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.

அப்போது தேனியில் ஒரு பருத்தி அரவை மில்லில் வேலை பார்த்தேன். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கின சமயம். வீரபாண்டிக்கு இந்தப் பக்கம், ஆற்றோரத்தில் என் புகுந்த வீடு. விடியும்போது கிளம்பி நடந்தால் சங்கு ஊதுகிறதற்குள் போய்ச் சேரலாம். பொம்பளைகள் எல்லாம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பருத்தியில் இருக்கும் சருகு, தூசி, கெட்டுப்போன காய் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுச் சுத்தமானதைக் கூடையில் நிரப்ப வேண்டும். கூடை நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய் மெஷினில் கொட்ட வேண்டும். மெஷின் பஞ்சை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் துப்பும்.

மெஷின் ஓடத் தொடங்கினால் நம் குரல் நமக்கே கேட்காது. பேச்செல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். அங்கே பத்து வருஷம் இருந்தவளுக்கு முன்னால் ரகசியம் பேச முடியாது, எட்டத்தில் நின்று முணுமுணுத்தாலும் வாசித்துவிடுவாள். பஞ்சுத் தூசி எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். மூக்கில், காதில், சோற்றில், எல்லாவற்றிலும் பஞ்சு.

எனக்கு அடுத்த இடம் சுருளிப்பட்டிக்காரியுடையது. பிறந்த ஊரை வைத்து எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு அவள் உறவுமில்லை, சாதிசனமும் இல்லை. ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன், கேலி பேச வசதியாக. அவள் புருஷன் ஏலத்தோட்ட வேலைக்கு என்று மலையேறிப் போனவன், மேலே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். ஒரு பிள்ளை பிறந்து தவழ்கிற வயதில் போய்விட்டது. தேனியில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இருந்தாள்.

ஒப்பாரியில் எனக்குப் பெயர் உண்டு. இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. இழவு வீட்டில் நான் வாய் திறந்தால் வாசலில் சீட்டாடுகிற ஆம்பளைகள் சீட்டைக் கீழே போடுவார்கள். மில்லில் வேலை பார்த்த ஒருத்தியின் அம்மா செத்தபோது சுருளிப்பட்டிக்காரியும் என்னோடு வந்திருந்தாள். மறுநாள் டீ குடிக்கிற நேரத்தில் கேட்டாள்.

“செத்தவளுக்கு எத்தன மக?”

“அஞ்சு மதினி.”

“அஞ்சு பேரும் ஒன் வாயப் பாத்துப் பாத்துத்தான் அழுதாளுக. நீ மூச்சு விட நிப்பாட்டுனா அவளுகளும் நிப்பாட்டுறாளுக.”

நான் சிரித்துக்கொண்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஒண்ணு கட்டு.”

“யாரு செத்தா?”

“நான்தான். இன்னும் சாகல. செத்தப்பறம் நீ பாடி எனக்கு என்ன புண்ணியம்? காது கேக்கையில கேட்டுக்கிறேன். எனக்கு அழ ஆளில்ல பிள்ள. ஊர்ல தம்பி இருக்கான். அவன் பெண்டாட்டி அழ மாட்டா, பாயச் சுருட்டி வெளிய எறிவா.”

எங்கள் பக்கத்தில் பாட்டில்லாமல் ஒரு பொம்பளையை எடுத்துக்கொண்டு போனால், அவள் இருந்ததற்கே சாட்சி இல்லாத மாதிரி. அவளுக்கு அந்தப் பயம். சாவுக்குப் பயப்படவில்லை, சத்தமில்லாமல் போவதற்குப் பயந்தாள். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒப்பாரி பாடுவது ஆகாத காரியம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

“இதென்ன மதினி பெரிய வேல. வர்ற சம்பளத்துக்குள்ள கட்டிருவேன்.”

அந்தச் சம்பளமும் வந்தது, அடுத்ததும் வந்தது. பாட்டு வரவில்லை.

சொல்வதற்குக் காரணமா இல்லை? சின்னப் பயலுக்குக் காய்ச்சல். நாற்று நடவு. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு மாமியார் தீச்சட்டி எடுக்க விரதம், அந்த வீட்டில் இழவுப் பாட்டை மனசில்கூட நினைக்கக் கூடாது. ஆடி பிறந்ததும் ஆடி முடியட்டும் என்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நிஜமான காரணம் வேறு. இழவு வீட்டில் பிணம் கிடக்கும், கொட்டு முழங்கும், பொம்பளைகள் தோளைக் கட்டிக்கொள்வார்கள். பாட்டு என்னை இழுத்துக்கொண்டு போகும், நான் பின்னால் போனால் போதும். இங்கே செத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள். பாட்டை நான்தான் இழுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாரம் எனக்குப் புதிது.

ஒருநாள் நச்சரிப்புத் தாங்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். தங்கத் தேரே, தாழம்பூ மடலே என்று எல்லோருக்கும் பாடுகிற வரிகளைக் கோத்து அவள் காதில் ஓதினேன். அவள் பாக்கைத் துப்பினாள்.

“எவ தங்கத் தேரு? பித்தள மூக்குத்திக்கே மூக்குப் புண்ணாக் கெடக்கு. இது போன மாசம் செத்தவளுக்கும் பாடுனதுதான? என்னயப் பாடச் சொன்னா ஊரப் பாடுற.”

எனக்குக் கோபம் வந்தது. என் பாட்டை அப்படித் துப்பினவர்கள் யாரும் இல்லை. அதற்குப் பிறகு பல நாள் அவளைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து வேலை செய்தேன். என் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அசையவில்லை என்றால் ஒரு காய்ந்த பருத்திக் காயை எடுத்து என் மேல் எறிவாள். தொந்தரவு வேண்டாம் என்று வெற்றிலையைப் போட்டு மென்றுகொண்டே பாட்டுக் கட்டுகிற மாதிரி உதட்டை ஆட்டினேன். அன்றைக்கு டீ நேரத்தில் சொன்னாள்.

“வெத்தல மெல்லுற ஒதடு வேற, பாட்டுக் கட்டுற ஒதடு வேற பிள்ள. இத்தன வருசம் ஒதட்டப் பாத்துத்தான் பொழச்சேன். யார ஏமாத்துற?”

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. மில்லில் இருமாதவர்கள் இல்லை. ஆனால் அவள் இருமல் அடியில் இருந்து வந்தது. கூடையைத் தூக்கி நான்கு எட்டு வைத்தால் நின்றுவிடுவாள். ஒருநாள் தூக்கின கூடையோடு அப்படியே உட்கார்ந்தாள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கூடையை நான்தான் கொண்டு போய்க் கொட்டினேன். திரும்பி வந்தபோது அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். சத்தத்துக்கு நடுவே உதட்டால் சொன்னாள்.

“மேஸ்திரி வந்தாக, பாத்தாக, போனாக. இன்னும் கொஞ்ச நாள்தான் என்னய இங்கன வச்சிருப்பாக. நீ என்ன செஞ்சுக்கிட்டு இருக்க?”

“வர மாட்டேங்குது மதினி.”

“முழுப் பாட்டையும் நெனச்சா யாருக்கும் வராது. காலையில மொதக் கூட நெறையிறதுக்குள்ள ஒரு வரி. கெட்ட வரியா இருந்தாலும் சரி. வரி இல்லாமக் கூடையத் தூக்காத.”

“கெட்ட வரிய வச்சு என்ன செய்ய?”

“பருத்தியில சருகு இருக்குன்னு பருத்தியவே வேணாம்பாங்களா? கொண்டா, பொறுக்கிக்குவோம்.”

மறுநாளில் இருந்து அப்படித்தான் நடந்தது. முதல் கூடைக்கு ஒரு வரி. கை பொறுக்கும், மனசு தேடும். கூடை நிறைந்தும் வரி வராத நாளில் நிறைந்த கூடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், மேஸ்திரி கத்துவார், அந்தக் கத்தலில் ஏதாவது ஒன்று வந்து விழும். பெரும்பாலும் குப்பைதான். டீ நேரத்தில் அவள் காதில் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வேண்டாம் என்றால் கையை விரிப்பாள், வேண்டும் என்றால் ஒன்றும் செய்ய மாட்டாள். தினமும் புது வரி சேர்ப்பதற்கு முன்னால் முதலில் இருந்து ஒருதரம் சொல்லிப் பார்ப்பேன். எழுதி வைக்கத் தெரியாதவளுக்கு அதுதான் வழி. நினைவில் நிற்காத வரியைத் தேடிப் போக மாட்டேன், நிற்கிறதுதான் பாட்டு.

முதலில் அவள் ஏற்றுக்கொண்டது இது:

பஞ்சு பறக்கையில பனிபேஞ்ச தலைக்காரி
பனி உதறிப் பாக்கையில பாதித் தல நரச்சிருச்சே

அதைக் கேட்டுத் தலையைத் தடவிப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் எண்ணெய் வைத்து வந்தாள்.

புருஷனைப் பற்றிக் கட்டும்போது, அவன் வருவான் என்று வாசலில் செம்பில் தண்ணீர் வைத்து அது வற்றிப்போனதாகச் சொன்னேன். நல்ல வரி என்று எனக்கு நினைப்பு. அவள் கையை விரித்தாள்.

“நான் எங்க செம்பு வச்சேன்? தாழ்ப்பாள் போடாமப் படுத்தேன், அவ்வளவுதான். ஏழெட்டு வருசம். ஒரு தெரு நாயிதான் வந்து உள்ள படுத்துச்சு.”

அன்றைக்கு அடுத்த கூடையில் அது மாறியது:

மலையேறிப் போனவனுக்கு வாசத்தாழ் போடலையே
நாயி வந்து படுத்துச்சு நம்புன ஆள் வரலையே

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நிமிரும்போது முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

தை பிறப்பதற்குள் அவளை நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய வேலை முடிந்ததும் நான் அவள் அறைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன். அறை மாவு மில்லின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் நெருக்கமாக வீடுகள். அங்கே ஒப்பாரி என்று ஒரு எழுத்து வெளியே கேட்டால் தொலைந்தோம். அதனால் மாவு மில் ஓடுவதற்காகக் காத்திருப்போம். யாராவது கம்போ மிளகாயோ கொண்டுவந்தால் மில் ஓடும். சுவர் அதிரும். அவள் காதுக்கு அருகில் வாயை வைத்து அன்றைய வரியைச் சொல்வேன்.

ஊரு படுக்க மெத்தையாப் போன வெள்ளப் பஞ்சு
ஒன் நெஞ்சுக்குள்ள நொழஞ்சு நெருஞ்சியா மொளச்சிருச்சே

இதற்கு அவள் கையை விரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மில் நிற்கும் வரைக்கும் படுத்திருந்தாள்.

எல்லாம் ஆகிவிட்டது, முடிவு மட்டும் பாக்கி. முடிவு வந்தே விட்டது, ஒருநாள் முதல் கூடையிலேயே. நான்தான் சொல்லவில்லை. பாட்டு முடிந்தால் அவள் முடிந்துவிடுவாள் என்று ஒரு எண்ணம் எனக்குள் புகுந்துகொண்டது. வரவில்லை மதினி, நாளைக்குப் பார்ப்போம் என்று தினமும் போய்ச் சொன்னேன். முதலில் சொன்ன அதே பேச்சு. முன்னே வேலைக்குப் பயந்து சொன்னது, இப்போது வேறு எதற்கோ.

அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்தே கிடப்பாள். ஒரு மாலை நான் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மாவு மில் நின்றது. தெரு முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது.

“முடிச்சிட்டல்ல?” என்றாள்.

“இல்ல மதினி.”

“பொய் சொல்ற ஒதடு எனக்குத் தெரியாதா? நீ இழுத்துப் பிடிச்சா நான் இருந்துருவேனா? இருந்துதான் என்ன செய்யப் போறேன், இந்த மூச்ச வச்சுக்கிட்டு. பாடு.”

“மில்லு ஓடட்டும்.”

“இன்னைக்கு மில்லு ஓடாது. நாளைக்கு நான் ஓடுவேனான்னு தெரியாது. ஓதாத, பாடு. இத்தன நாளா காதுல ஓதுறயே தவிர, பாட்டா நான் ஒருநாளும் கேக்கல.”

உண்மைதான். அத்தனை மாதமும் அது வெறும் சொல்லாகவே இருந்தது. நான் மெதுவாகத்தான் எடுத்தேன். ஆனால் ஒப்பாரி என்பது குரலை அடக்கிப் பாடுகிற பாட்டு இல்லை. பஞ்சில் தொடங்கி, நாய்க்கு வந்து, செத்துப்போன பிள்ளைக்கு வரும்போது குரல் என் கையில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். நெருஞ்சியைத் தாண்டி முடிவுக்கு வந்தேன்:

தெனம் ஒரு வரி கேட்டவளே தீந்துபோச்சு ஒம் பாட்டு
நாளைக்கு யாரு வந்து நச்சரிப்பா எங்கிட்ட

கதவு திறந்துகொண்டது. எதிர்வீட்டுக்காரி தலையை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். பின்னால் கீழவீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பாட்டைக் கேட்டால் இழவு என்றுதான் யாருக்கும் தோன்றும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தவளைப் பார்த்ததும் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் விட்ட இடத்தில் இருந்து எடுத்தார்கள். தண்ணி கேட்டு வந்தயே, தரமாட்டேன்னேனே என்று எதிர்வீட்டுக்காரி தன் பங்குக்குச் சேர்த்து அழுதாள். நான் மதினியின் முகத்தைப் பார்த்தேன்.

சுருளிப்பட்டிக்காரி கண்ணைத் திறக்கவில்லை. அவளால் திறந்திருக்க முடியும். இமைக்குள் விழி ஓடுவது எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டு கிடந்தாள். நன்றாகக் கேட்டு முடித்துவிட்டு, கண்ணை மூடியபடியே சொன்னாள்.

“போதும்டி. கீழவீட்டுக்காரி நல்லா அழுகுறா. ஒலைய அடுப்புல விட்டுட்டு வந்தீகளா, போய்ப் பாருங்க.”

ஒருத்தி வாசற்படி தடுக்கி விழுந்தாள். எதிர்வீட்டுக்காரி என்னை வைத வசவை இங்கே எழுத முடியாது. எல்லோரும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஓடிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கடைசி வரி என்னயப் பத்தி இல்ல” என்றாள். “ஒன்னயப் பத்தி.”

“மாத்தட்டுமா மதினி?”

“வேணாம். இருந்துட்டுப் போகட்டும்.”

பாட்டு முடிந்ததால் அவள் அன்றைக்குச் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. பாட்டுக்கு அந்தச் சக்தி எல்லாம் கிடையாது. ஆனால் மறுநாள் காலையில் அறையை வாடகைக்கு விட்டவரின் அம்மா வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

“ஏ ஆத்தா, உசுரோட இருக்கையில எழவு பாடுன வீட்ல நான் எப்படி வெளக்கேத்துறது? வெள்ளிக்கெழமைக்குள்ள காலி பண்ணிரு.”

“கொஞ்சம் பொறுத்தீகன்னா நானே காலியாயிருவேன்” என்றாள் சுருளிப்பட்டிக்காரி. அந்த அம்மாள் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்கு அழைத்துப்போகலாமே என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். சின்னப் பிள்ளைகள் சுருண்டு படுக்கிற வீட்டுக்கு அந்த இருமலைக் கொண்டுபோக நான் நினைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பிக்குச் சொல்லி அனுப்பினோம். அவன் வந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளை நான் தாங்கிக்கொண்டு போனேன். கூடை அளவுக்குக்கூடக் கனம் இல்லை. கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

“நாளைக்கு என்ன வரி?” என்றாள்.

“பாட்டுத்தான் முடிஞ்சுபோச்சே மதினி.”

“அது எம் பாட்டு. ஒனக்கு நாளைக்குக் கூட உண்டா இல்லையா?”

பஸ் எடுத்துவிட்டான்.

சித்திரைத் திருவிழா ராட்டினங்களைப் பிரிக்கிற சமயத்தில், சுருளிப்பட்டியில் இருந்து காய்கறி விற்க வந்த ஒருத்தி சேதி சொன்னாள். எடுத்துப் பல நாள் ஆகியிருந்தது. நான் போனேன். தம்பி பெண்டாட்டி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். மாட்டுக் கொட்டத்தில் ஒரு மூலையைக் காட்டினாள், அங்கேதான் கிடந்தாளாம். யார் அழுதது என்று கேட்டேன்.

“அழுது என்னாகப் போகுது? அந்த இருமல் நின்னதே போதும்னு ஆயிருச்சு எங்களுக்கு.”

பாயைக் காணவில்லை. எறிந்திருப்பார்கள். அந்த மூலையில் நின்றேன். பாடலாம் என்று குரல் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இவர்கள் கேட்பதற்காகக் கட்டின பாட்டில்லை அது. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள், நான்கு பொம்பளைகள் தலைவிரித்து அழுததையும் கேட்டுவிட்டாள். அவளுக்கு ஒப்பாரி ஒரு தடவைதான். சுருளி ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மில்லில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. முதல் கூடையை நிரப்பினேன். நிறைந்தது. தூக்கக் கை போகவில்லை. மேஸ்திரி கத்தினார்.

பக்கத்து எடம் காலி, பஞ்சு வந்து ஒக்காருது

அது நல்ல வரியா கெட்ட வரியா என்று சொல்ல ஆள் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன்.

அன்றிலிருந்து விடவில்லை. பிள்ளை பெற்ற வாரம்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு எல்லோரும் நான் பாடுவேன் என்று வாயைப் பார்த்தார்கள், பழைய வரிகளைத்தான் பாடினேன், ஆனாலும் அன்றைக்கு உரிய ஒரு வரியை மனசுக்குள் கட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். மில்லை மூடிவிட்டார்கள். இப்போது மருமகள் காலையில் மாவுக்குக் கிரைண்டரைப் போடுகிறாள். அது ஓடி நிற்பதற்குள் ஒரு வரி. என் உதடு அசைவதைப் பார்த்து மருமகள் நான் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

இந்த எழுத்தும் அப்படித்தான் ஆனது. ஒரு நாளைக்குக் கொஞ்சம். பேத்திக்கு அவசரம், ஒரே நாளில் முடித்துவிடலாம் அப்பத்தா என்பாள். முடிக்க மாட்டேன் என்று நான் இழுத்தடித்தேன், ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

சரி, முடிந்தது. ஏத்தா, போய் அந்தக் கிரைண்டர நிப்பாட்டிட்டு வா. இங்கன ஒக்காரு. மொதல்ல இருந்து வாசி, வேகமா வாசிக்காத. காது கேக்கையில கேட்டுக்கிறேன்.